பாதிக் கேன்

மார்ச் 4, செவ்வாய்

டாக்டரம்மா எழுதி வைக்கச் சொன்னார். எந்தச் சொட்டு, எத்தனை மணிக்கு, எந்தக் கண்ணுக்கு என்று. கைப்பையில் இந்த டைரிதான் இருந்தது. பேட்டரி கம்பெனிக்காரன் வருடா வருடம் கடைக்குக் கொடுப்பது. ஜனவரியும் பிப்ரவரியும் வெள்ளையாகக் கிடக்கின்றன. எழுதுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். அதை அப்போது நிம்மதி என்று நினைக்கத் தெரியவில்லை.

வெள்ளை மூடிச் சொட்டு: மணிக்கு ஒரு தடவை, இரண்டு கண்ணிலும்.
மஞ்சள் மூடி: நான்கு மணிக்கு ஒரு தடவை.
களிம்பு: படுக்கும் முன்.

இன்று காலை ஆறிலிருந்து எல்லாம் போட்டாயிற்று. எட்டு மணிச் சொட்டு மட்டும் பத்து நிமிடம் தாமதம். நர்ஸிடம் திட்டு வாங்கினேன்.

என்ன நடந்தது என்றும் ஒரு வரி எழுதி வைக்கிறேன். சனிக்கிழமை காலை, சங்ககிரியில் எங்கள் பேட்டரி கடையில், இவர் ஆசிட் இருந்த தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டார். அது கொதித்துச் சீறி முகத்தில் அடித்துவிட்டது. பக்கத்து வெல்டிங் கடை லோகு அண்ணன் காரில் போட்டு சேலத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு கண்ணிலும் கட்டு. நாற்பது நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியுமாம்.

மார்ச் 5, புதன்

வெள்ளை மூடி பதினாறு தடவை. மஞ்சள் மூடி நான்கு. களிம்பு ஒன்று. ஒன்றும் தாமதமில்லை.

மார்ச் 6, வியாழன்

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். “இருவது வருசமா தொழில் பண்றவரு, எப்புடிங்க இப்படி?” தண்ணீரில் ஆசிட்டை விடலாம், ஆசிட்டில் தண்ணீரை விடக் கூடாது என்பது பேட்டரி கடை வாசலில் படுத்திருக்கிற நாய்க்குக்கூடத் தெரியும். இவர் கட்டுக்குள்ளிருந்து எல்லோருக்கும் ஒரே பதில் சொல்கிறார்.

“என்ற தப்புதானுங்க. கவனமில்ல.”

ஈரோட்டு ஹாஸ்டலிலிருந்து மேகலா வந்திருந்தாள். அப்பா தூங்கிய பிறகு வராந்தாவில் வைத்துக் கோபித்துக்கொண்டாள். “அப்பா எதுக்கும்மா இவ்வளவு அலட்சியமா இருக்காரு? நீ சொல்லக் கூடாதா?” நான் அவளுக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன்.

இவர் என்னை மட்டும் எதுவும் கேட்கவில்லை. அன்று காலையைப் பற்றி ஒரு வார்த்தை கூட.

மார்ச் 9, ஞாயிறு

என் தம்பி ரத்தினசாமி வந்தான். ஆரஞ்சு ஒரு பை, ஹார்லிக்ஸ் ஒன்று. கட்டில் ஓரம் நின்றுகொண்டு அழுதான்.

இந்த ரத்தினசாமியால்தான் எங்களுக்குள் பேச்சு நின்றது. அவன் மகளுக்கு, விபத்துக்கு முந்தின புதன்கிழமை காதுகுத்து. எங்களை போனில்தான் கூப்பிட்டான். எங்கள் பக்கம் வீட்டுக்கு நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காவிட்டால் அது அழைப்பே இல்லை. “மாமனை நேர்ல வந்து கூப்பிட நேரமில்லாதவன் ஊட்டுக்கு நான் எதுக்கு?” என்று இவர் உட்கார்ந்துவிட்டார். நான் தனியாகப் போய்ச் சபையில் நின்றேன். வந்தவர்கள் எல்லாம் “அவரு வர்லீங்களா?” என்று கேட்டே என்னைச் சாகடித்தார்கள். திரும்பி வந்து வாசலிலேயே என்னென்னவோ பேசிவிட்டேன். இவரும் சும்மா இருக்கவில்லை. அதன் பிறகு சனிக்கிழமை காலை வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை.

இன்று ரத்தினசாமியின் குரல் கேட்டதும் இவர் சிரித்தார். “வாங்க மாப்ள. நேர்லயே வந்துட்டீங்களாட்ட இருக்குது. நாந்தான் பாக்க முடியாமப் படுத்திருக்கறேன்.”

ரத்தினசாமி வெளியே போய் இன்னொரு தடவை அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. ஆரஞ்சை உரித்து ஊட்டினேன், கொட்டையை எடுத்துவிட்டு.

மார்ச் 12, புதன்

வெள்ளை மூடி இனி இரண்டு மணிக்கு ஒரு தடவை. முன்னேற்றமா, கை விட்டுவிட்டார்களா என்று கேட்கப் பயமாக இருந்தது.

மார்ச் 15, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிரசவத்தில் வரும் சவ்வைப் பதப்படுத்தி வைத்திருப்பார்களாம். அதை இரண்டு கண்ணிலும் ஒட்டித் தைத்திருக்கிறார்கள். எந்தத் தாயுடையதோ, மகராசி நன்றாக இருக்கட்டும்.

லோகு அண்ணனிடமிருந்து சாவி வாங்கிக் கடையைத் திறந்தேன். தரையெல்லாம் அவர் சோடா மாவு கொட்டிக் கழுவி வைத்திருந்தார். சிமெண்டில் ஓர் ஆள் படுத்த அளவுக்கு வெளுத்த இடம். தொட்டி அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் பிவிசி குழாய் குறுக்கே கிடந்தது. லோகு அண்ணன் ஒழுங்கு பார்க்கிற மனிதர், கழுவிவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார். அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்குத் தெரியாது. எடுத்து மூலையில் சாத்தினேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று மூன்று லாரிக்காரர்கள் வந்தார்கள். சார்ஜ் போடுவது, டெர்மினல் துடைத்து வாசலின் வைப்பது எல்லாம் எனக்கே வரும். ஆசிட் மாற்றும் வேலை என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். “கலக்கிக் குடுக்கறவரு படுத்திருக்கறாருங்க” என்று சொல்கிறேன். பாதி பொய். தொட்டியில் கலப்பது எப்போதும் இரண்டு பேர் வேலை.

ஒருவர் சிவப்புக் கோடு வரை டிஸ்டில் வாட்டர் ஊற்ற வேண்டும். ஒரு கேன் முழுசும் சரியாக இருக்கும். அதைப் பெரும்பாலும் நான் செய்வேன். ஊற்றி முடித்ததும் “தண்ணி எறங்கியாச்சு” என்று குரல் கொடுப்பேன். அப்புறம் இவர் வந்து கால் கேன் ஆசிட்டை நூல் மாதிரி விட்டுக்கொண்டே குழாயால் கலக்குவார். தொட்டி சுடும். ஆறிய பிறகு, கலவையின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது காட்டும். இவர் எட்டாவது படித்தவர், அது என்ன கணக்கு என்று தெரியாது. ஒரு தடவையும் தப்பியதில்லை.

ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் இருநூற்றுக்கு நூற்று எழுபத்திரண்டு வாங்கியவள் நான். வினிகர் போன்றது தண்ணீரில் விழுந்தால் கொஞ்சம்தான் அயனியாகப் பிரியும், மீதி தன் பாட்டுக்கு முழுசாகவே இருக்கும். கந்தக அமிலம் போன்ற வலுத்த அமிலம் அப்படி இல்லை. விழுந்த கணத்தில் பிரிந்துவிடும், பழைய உருவில் ஒன்றுகூட மிஞ்சாது. அதோடு சூட்டையும் கக்கும். நிறைய தண்ணீர் இருந்தால் அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். ஆசிட் நிறைய இருந்து மேலே கொஞ்சம் தண்ணீர் விழுந்தால், தண்ணீர் லேசானது, மேலேயே நின்று கொதித்து, ஆசிட்டையும் சேர்த்துக்கொண்டு எகிறும். இதை எழுதித்தான் ஐந்து மார்க் வாங்கினேன். கல்யாணமான புதிதில் இவருக்கு விளக்கினேன். “இத்தன பேச்சு எதுக்கு புள்ள? தண்ணி மொதல்ல, அவ்வளவுதான” என்றார்.

சண்டை போட்டிருக்கும் நாட்களுக்கு எங்களிடம் தனி ஏற்பாடு உண்டு. குரல் கொடுக்க மாட்டேன். தண்ணீர் ஊற்றிவிட்டுக் குழாயைத் தொட்டிக்குக் குறுக்கே வைத்துவிட்டுப் போய்விடுவேன். குழாய் குறுக்கே கிடந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை சண்டை. குழாய் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

மார்ச் 21, வெள்ளி

இடது கண் போய்விட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வெளியே வந்தால், இவர் பெஞ்சில் உட்கார்ந்தபடி, “இடதா, வலதா?” என்றார்.

“இடதுங்க.”

“செரி. வலது கெடக்குதல்ல.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் முழங்கையைப் பிடித்திருந்தார். கல்யாண வீட்டில்கூட நாங்கள் அப்படி நடந்ததில்லை. எனக்கு அந்தக் கை கனத்தது. எனக்குத் தெரிந்ததை இவரிடம் சொல்லாமல் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் நடப்பேன்?

மார்ச் 24, திங்கள்

காலை ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. எல்லாம் போட்டாயிற்று.

சரி. எழுதுகிறேன்.

எங்கள் கடையில் கேன்கள் எல்லாம் கறுப்பு. பத்து லிட்டர். எழுத்து அழிந்து வருடக்கணக்காகிறது. நாங்கள் படித்துப் பார்ப்பதில்லை, தூக்கிப் பார்ப்போம். ஆசிட் கேன் இடுப்பை ஒடிக்கும். தண்ணீர் கேன் அதில் பாதிக் கனம்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம் என்று பெருமை வேறு. ஆனால் பாதி தீர்ந்த ஆசிட் கேனும் முழுத் தண்ணீர் கேனும் கைக்கு ஒரே கனம். அதனால்தான் பாதிக் கேனைச் சுவரோரம் தனியாக வைப்பது வழக்கம். அன்று அது தண்ணீர் வரிசையில் நின்றது. வெள்ளிக்கிழமை அதை அங்கே வைத்தது இவரா நானா தெரியாது. இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்த நாள். யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

தூக்கினேன். தண்ணீர்க் கனம். தொட்டியில் ஊற்றினேன். குழாயைக் குறுக்கே வைத்தேன். வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. போய்விட்டேன்.

இவர் வந்து பார்த்தபோது கோட்டில் பாதிதான் இருந்திருக்கும். கோபத்தில் அரை கேன் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்திருப்பார். இன்னொரு கேனைத் தூக்கிக் கோடு வரை நிரப்பப் பார்த்திருக்கிறார். அது நிஜமான தண்ணீர்.

ஆக, தொட்டியில் ஆசிட்டை ஊற்றியது நான். தெரியாமல் செய்தேன். கைக்கனத்தை நம்பினேன். யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தேன். வக்கீல் எழுதிக் கொடுத்தது மாதிரி இருக்கிறது.

மார்ச் 27, வியாழன்

சொல்லிவிடலாம் என்று ரசம் சாதம் பிசைந்துகொண்டே ஆரம்பித்தேன். “ஏனுங்க, அன்னைக்கு…” என்றேன். “உப்புக் கம்மியா இருக்குது” என்றார். எழுந்துபோய் உப்பு எடுத்து வந்தேன். வாயில் வந்தது உள்ளே போய்விட்டது.

மார்ச் 30, ஞாயிறு

மேகலா வந்து அப்பாவுக்குத் தாடி மழித்துவிட்டாள். இரண்டு பேரும் ரேடியோவில் பாட்டுக் கேட்டார்கள். நான் கொல்லைப்புறம் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். குடம் களக் களக் என்று நிரம்பிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். குடம் வழிந்து காலெல்லாம் ஓடியது.

கேனைக் கவிழ்த்தால் தண்ணீர் அப்படித்தான் விழும். காற்றை விழுங்கி விழுங்கிக் கத்திக்கொண்டு விழும். ஆசிட் எண்ணெய் மாதிரி. மெல்ல இறங்கும், சத்தமே வராது.

அன்று சத்தம் வரவில்லை.

ஊற்றி முடித்தபோது கேன் காலி, ஆனால் கோடு பாதிதான் எட்டியிருந்தது. அதையும் பார்த்தேன். விளிம்பில் வழிந்த சொட்டு நூல் மாதிரி நீண்டு நின்றது. நூற்று எழுபத்திரண்டு மார்க் வாங்கியவளுக்கு இன்னும் என்ன வேண்டும்? எனக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகத் தெரிந்துவிட்டது.

“ஏனுங்க, தொட்டியில ஆசிட்டுங்க, பாத்துங்க.” இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று நாள் வாயை மூடி ஜெயித்துக்கொண்டிருந்தவள் நான். சொன்னால் நான்தான் முதலில் பேசினேன் என்றாகிவிடும். லாரிக்காரனை அனுப்பிவிட்டு வந்து நானே தொட்டியைக் காலி செய்துகொள்ளலாம், இவருக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். குழாயைக் கை தன்பாட்டில் குறுக்கே வைத்துவிட்டது. வாசலுக்குப் போய் லாரிக்காரனிடம் “என்னங்க வேணும்?” என்றேன். அவனிடம் பேச எனக்கு வாய் இருந்தது.

பிறகு உள்ளேயிருந்து அந்தக் கத்தல். “சாந்தாமணீ” என்று கத்தினார். மூன்று நாள் கழித்து முதலில் பேசியது அவர்தான்.

குழாயடியில் தலையைப் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

வெள்ளை மூடி தீர்ந்துவிட்டது, புதுசு வாங்கினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

நாற்பதாம் நாள். வலது கண்ணைத் திறந்து பார்த்தார்கள். டாக்டரம்மா விரல்களைக் காட்டி “எத்தனை?” என்றார். இவர் “ரெண்டு” என்றார். அவர் நான்கு விரல் காட்டியிருந்தார். டார்ச் அடித்தால் வெளிச்சம் தெரிகிறது, யாராவது குறுக்கே போனால் நிழல் தெரிகிறது. இப்போதைக்கு அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து வேறு ஆபரேஷன் செய்து பார்க்கலாமாம். நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்று தெளிவாகவே சொன்னார். நல்ல பெண்.

வெளியே வந்து இவர் என் பக்கம் திரும்பினார். “நீ இப்ப என்ன சேலை கட்டியிருக்கற?”

“பச்சைங்க. காதுகுத்துக்குக் கட்டுனது.”

“அத அன்னைக்கு நான் செரியாப் பாக்கவே இல்ல” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஊரே பார்க்க அழுதேன். நாற்பது நாள் வராதது எல்லாம் வந்தது. இவர் என் தலையைத் தேடித் தடவினார். முதலில் காது கிடைத்தது, அப்புறம்தான் தலை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. தட்டில் மாம்பழம், வாழைப்பழம், கொன்றைப்பூ, கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்தேன். விடிந்ததும் முதலில் அதில்தான் கண் விழிக்க வேண்டும். பழக்கதோஷத்தில் வைத்துவிட்டு, பிறகு உறைத்து, எடுத்துவிடப் போனேன். இவர் எழுந்துவிட்டார்.

“கனி வெச்சிருக்கறயா? மாம்பழ வாசம் வருதே.” ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி வந்ததும் அதன் மேல் கையை வைத்து, “இது நானு” என்றார். மேகலா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

இன்று இவர் கடைக்கு வந்தே தீருவேன் என்றார். லோகு அண்ணன், “இனி கலக்கின ஆசிட்டே வாங்கிக்கலாமுங்க, எதுக்கு வம்பு?” என்றார். “என்ற கடையில என்ற கலவைதான்” என்று இவர் ஒரே பிடியாக நின்றார். “நான் தொட்டியோரம் உக்காந்துக்கறேன். அவ ஊத்தட்டும், அவளே கலக்கட்டும்.”

கேன்களின் மேல் நேற்றே வெள்ளை பெயிண்டில் பெரிதாக எழுதிவிட்டேன். கண்ணாடி, கையுறை, ரப்பர் ஏப்ரன் எல்லாம் வாங்கியாயிற்று. இருபத்திரண்டு வருடமாக வாங்காதது. இவரை அளவாகத் தள்ளி ஸ்டூலில் உட்காரவைத்து, இவருக்கும் ஒரு கண்ணாடி மாட்டினேன். “இனி எதுக்கு புள்ள இது?” என்றார். ரப்பரை இறுக்கினேன்.

தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்த்தேன். களக் களக் என்று விழுந்தது. கோடு வரை வந்தது.

“தண்ணி எறங்கியாச்சுங்க” என்றேன்.

“ம். கேட்டுச்சு. ஆசிட்ட விடு.”

நூல் மாதிரி விட்டேன். கலக்கினேன். இவர் கையை நீட்டித் தொட்டியின் வெளிப்பக்கத்தில் வைத்து, “சூடு ஏறுது. சித்த நிறுத்து” என்றார். நிறுத்தினேன். கலக்கும் சத்தம் நின்ற அந்த நேரத்தில் சொல்லிவிட்டேன்.

“ஏனுங்க, அன்னைக்கு தொட்டியில ஆசிட்ட ஊத்துனது நானுங்க.”

“தெரியும்.”

“தெரியாமத்தான் ஊத்துனேன். ஆனா ஊத்தி முடிக்கறப்ப தெரிஞ்சுபோச்சுங்க. சொல்லாமப் போயிட்டேன்.”

கையைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை. “அதும் தெரியும்” என்றார்.

தரையில், அந்த வெளுத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“நான் சார்ஜ் ரூம்புலதான இருந்தேன். நீ தண்ணி ஊத்தற சத்தம் எனக்குத் தெரியாதா? கேனத் தூக்கறது கேட்டுச்சு. கீழ வெக்கறது கேட்டுச்சு. நடுவுல ஒண்ணுமே கேக்கல. என்னடா இதுன்னு எந்திரிச்சு வந்தேன். பாத்தா குழா குறுக்க கெடக்குது, அரைத் தொட்டி கெடக்குது. நீ வாசல்ல அந்த லாரிக்காரங்கிட்டப் பேசிட்டு நிக்கற. ‘என்ன புள்ள ஊத்துன?’ன்னு கேக்கோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு.”

“கேட்டிருக்கலாமுங்களே.”

“நீ சொல்லியிருக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மெதுவாச் சாய்ச்சு ஊத்தியிருப்பா, அதான் சத்தமில்லன்னு நானே சொல்லிக்கிட்டேன். மொதல்ல வாயத் தொறந்துட்டா நான் எறங்கிப்போன மாதிரியாயிரும்னு ஒரு வீம்பு. கேன எடுத்துக் கவுத்துட்டேன். அதான் எல்லார்த்துகிட்டயும் என்ற தப்புன்னு சொன்னேன். உனக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காத.”

தொட்டியிலிருந்து லேசாக ஆவி வந்தது. வாசலில் ஒரு லாரி வந்து நின்று, யாரும் எழுந்து போகாததால் கிளம்பிப் போயிற்று. இவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி என்னைத் தேடினார்.

“சாந்தாமணி? எங்கிருக்கற?”

“இங்கதானுங்க. கீழ.”

“பேசாம இருந்தீன்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. “என்னமாச்சும் பேசிட்டே இரு புள்ள.”

பேசினேன். வாசலில் வெயில் எது வரை வந்திருக்கிறது என்று சொன்னேன். பக்கத்துக் கடையில் நிற்கும் லோகு அண்ணன் சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருப்பதைச் சொன்னேன். காதுகுத்தில் என்ன சாப்பாடு, யார் யார் வந்திருந்தார்கள், எத்தனை பேர் இவரைக் கேட்டார்கள் என்று அந்த மூன்று நாள் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். இவர் கை தொட்டியின் மேலேயே இருந்தது. அது ஆற மூன்று மணி நேரம் ஆயிற்று. அது வரைக்கும் நான் நிறுத்தவில்லை.